மூன்றாம் லயத்துச் சூட்டுப் பெட்டி

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே கொடிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் ஒன்றான மூன்றாம் லயத்தில், 1996 ஐப்பசி மழையில், கரண்டும் விறகும் இல்லாமல் ஒரு மரப்பெட்டி சூடானது. அந்த மழையில் இரண்டு லயத்துக்குக் கூரைத் தகரம் பறந்தது, கடையில் மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது, இதுவும் நடந்தது. பெட்டி ஆளுயரம். உள்ளே உட்காரப் பலகை, சுற்றிலும் கறுப்புத் தகடுகள். பண்டாரவளையில் ஓட்டல் வைத்திருந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது தட்டுமுட்டுச் சாமானோடு தள்ளிவிட்டுப் போனது. பதுளையில் பழைய தளபாடக் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் முதலாளியிடம் அது வந்து சேர்ந்தது. அவர் கடைக்கு மூட்டை தூக்குகிற காத்தமுத்து அதை அலுமாரி என்று நினைத்துக் கேட்டான்.

“அலுமாரி இல்ல காத்தமுத்து, சூட்டுப் பெட்டி. நெருப்பில்லாத சூடாம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம், எலும்பு வரைக்கும் போகுமாம். உள்ளுக்குக் குந்தினா ஒடம்பு நோவு கொறையுமாம். எனக்கெண்டா நம்பிக்கை இல்ல. கரண்ட் ஈந்தாத்தான் வேலயும் செய்யும்.”

“லயத்துல ஏதுங்க மொதலாளி கரண்டு?”

“அப்ப உடுப்பு அடுக்கிக்கங்க. எடத்த அடச்சிக்கிட்டுக் கெடக்குது, கொண்டு போங்க.”

நாலு பேர் சுமந்து கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் பாதியை அது பிடித்துக்கொண்டது. காத்தமுத்துவின் பெண்சாதி மாரியாயி, “இனி நாம வெளிய படுத்துக்கிட்டு பெட்டிய உள்ள படுக்க வைப்போம்” என்றாள். அவளுக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. ஐந்தாறு வருஷமாக அவளுக்கு உடம்பு முழுக்க வலி. கழுத்து, தோள், இடுப்பு, உள்ளங்கால், எல்லாம் உரலில் போட்டு இடித்த மாதிரி. தூங்கி எழுந்தால் தூங்காதவளை விடக் களைப்பு. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த இரகுநாதன் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவர் அல்ல. பதுளைக்கு அனுப்பி இரத்தம் பார்க்க வைத்தார், எக்ஸ்ரே பிடிக்க வைத்தார். “எல்லாம் வடிவாத்தான் இருக்கு அம்மா. உமக்கு ஒரு நோயும் இல்லை, ஒரு வருத்தமும் இல்லை” என்று சொல்லிக் கைநிறைய வெள்ளைக் குளிசை கொடுத்தார். மெஷினுக்குத் தெரியாத வருத்தம் வருத்தம் அல்ல என்பது படித்தவர்களின் சட்டம். மெஷினுக்கு ஒரு நாளும் கழுத்து வலித்ததில்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பறிக்கிற கொழுந்து குறைந்தால் அந்த நாளுக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் விழும். மாரியாயிக்கு மாதக்கணக்கில் அரைப்பேர் விழுந்துகொண்டிருந்தது. கொழுந்துக்காரிகளிடம் வேலை வாங்குகிற பொன்னையா கங்காணி, அவள் நடிக்கிறாள் என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லி, தை பிறந்ததும் வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டுவதென்று முடிவு செய்து வைத்திருந்தார். பேர் போனால் காம்பராவும் போகும். காத்தமுத்து டவுனில் மூட்டை தூக்குகிறவன், தோட்டத்தில் அவனுக்குப் பேர் இல்லை. அந்தக் கூரையை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

ஒரு நாள் மாரியாயி மலையிலிருந்து நனைந்து வந்தபோது காம்பரா முழுக்க ஒழுகியது. ஒழுகாத இடம் பெட்டிக்குள்தான். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தகடுகள் சூடாகின. புகை இல்லை, வெளிச்சம் இல்லை. வெயிலில் கிடந்த பாறையில் சாய்ந்த மாதிரி ஒரு சூடு தோலைத் தாண்டி உள்ளே போனது. சோறு வேகிற நேரத்துக்குள் வலி முடிச்சு முடிச்சாக அவிழ்ந்து, அவள் அங்கேயே தூங்கிவிட்டாள். காத்தமுத்து கதவைத் திறந்தபோது அவள் சேலை காய்ந்து மொறமொறவென்று இருந்தது. அவனும் உட்கார்ந்து பார்த்தான். மூட்டை சுமக்கிற வலது தோளுக்கு நேரே உள்ள தகடு மட்டும் சூடானது. பெட்டி வலியைத்தான் விறகாக எரிக்கிறது என்று இருவருக்கும் புரிந்தது. பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

செய்தி கேட்டு இரகுநாதன் டாக்டர் குடையோடு வந்தார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது, ஒரு பல்வலி கூட வந்ததில்லை. உள்ளே போனவர் குளிரில் பல் கிட்டித்துப்போய் வெளியே வந்தார். கம்பளி போர்த்தி, இஞ்சி தட்டிய பிளேன்டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

டாக்டர் குளிர்ந்து வந்த கதையைக் கேட்டதும் பொன்னையா கங்காணிக்கு ஒரு யோசனை வந்தது. சுகமானவனுக்குப் பெட்டி குளிர்கிறது என்றால் பொய்க்காரரைப் பிடிக்க இதைவிட நல்ல சாமான் ஏது? மார்கழியில் ஒரு விடியலில் பெட்டியை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குத் தூக்கி வரச் சொன்னார். துரையையும் அழைத்திருந்தார். பெரட்டில் அவர் முதலில் கூப்பிட்ட பேர் மாரியாயி.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் பெட்டியைச் சுற்றி நாலடிக்குப் புல்லில் இருந்த பனி காய்ந்தது. கங்காணி பெட்டியின் கதவில் கை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார். “ஒருத்திக்குச் சுடலாம். அடுத்த ஆளு வா” என்றார். அடுத்தவளுக்கும் சுட்டது. அதற்கடுத்தவளுக்கும். இடுப்பு, முழங்கால், கூடைக்கயிறு இழுத்த நெற்றி என்று ஆளுக்கொரு தகடு. கூப்பிடாதவர்களும் வரிசையில் வந்து நின்றுகொண்டார்கள். களத்தின் மேலிருந்த மூடுபனி கலைந்து வெயில் விழுந்தது. பத்து மணி ஆகியும் ஒருத்தரும் மலைக்குப் போகவில்லை.

“கங்காணி, கொழுந்து யார் எடுக்கிறது?” என்று துரை சத்தம் போட்டார்.

“பெட்டி பழுதுங்க தொர. எல்லாருக்கும் சுடுது.”

“அப்ப நீ ஏறு. ஒனக்கும் சுட்டாப் பழுது.”

இருபத்தைந்து வருஷமாக முதுகு நிமிர்த்தி நடந்த மனிதர் பொன்னையா. கங்காணிக்கு நோவு என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள் என்று வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விட்டதில்லை. அவர் ஏறியதும் பெட்டியின் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஆள் வரவில்லை.

“கங்காணியாரே, தூங்கிட்டீங்களா? அடுத்த ஆளு நிக்குது!” என்று மாரியாயி கதவைத் தட்டினாள்.

“இரு புள்ள,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “இப்பத்தான் சூடு இடுப்பு நாரிக்கிட்ட வந்திருக்கு.”

களமே சிரித்தது. துரையும் திரும்பி நின்று சிரித்தார். தை பிறந்தது, மாரியாயியின் பேர் வெட்டப்படவில்லை. அரைப்பேர் வந்த நாட்களும் இருந்தன, முழுப்பேர் வந்த நாட்கள் கூடின. பெட்டி மூன்றாம் லயத்துக்கே திரும்பியது. அந்தியில் வரிசை நின்றது. பொன்னையா கங்காணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார், வரிசையில்தான் நின்றார்.

பிறகு வருஷங்கள் ஓடின. 2001இல் இரகுநாதன் டாக்டர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்து, அவள் வருத்தத்துக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் இருப்பதாகவும், தான் சொன்னது பிழை என்றும் சொன்னார். “நான் சொன்னப்பவே நம்பியிருந்தா இம்மாம் பெரிய பொஸ்தகம் தூக்கியிருக்க வேணாங்களே” என்றாள் மாரியாயி. மாறிவந்த இன்னொரு துரை 2004இல் லயத்துக்குக் கரண்ட் கொண்டுவந்தார். வயர்காரன் பெட்டிக்கும் வயர் கொடுத்தான். கரண்டில் அது சும்மா வெதுவெதுப்பானது, எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஒரு வாரம் பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கிவிட்டார்கள். மாரியாயி பென்சன் எடுத்தபோது காம்பராவைக் கேட்டுத் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெட்டியோடு அவளைக் கிளப்பினால் பெரட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று பொன்னையா ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். வந்த ஆள் திரும்பிப் போனது.

வலி அவளை விட்டுப் போய்விடவில்லை. பெட்டியில் உட்கார்ந்து எழுந்தால் சமைக்க, சிரிக்க, தூங்கப் போதுமான அளவுக்கு இறங்கும், மறுநாள் திரும்ப வரும். வருவதை அவள் குறையாகச் சொல்வதில்லை. கடைசி ஆள் எழுந்து போன பிறகும் தகடுகள் விடியும்வரை ஆறுவதில்லை. அதனால் லயத்துப் பெண்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் துவைத்து அதற்குள் தொங்கவிட்டுப் போவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மற்ற லயத்துப் பிள்ளைகள் ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். மூன்றாம் லயத்துப் பிள்ளைகள் மட்டும் சூடான சட்டையோடு போகும்.