சிறு திருத்தம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சமையலறையில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என் தங்கை சொன்னது. சொல்லி முடித்ததும், "இதை எழுதித் தொலைக்காதேண்ணா" என்றாள். எழுதுகிறவனிடம் போய் இதைச் சொன்னாளே, பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரி.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கோடிக்கணக்கான கணினிகளுக்குள் ஒரு கரிய நிழல் நுழைந்துகொண்டிருந்த அந்த நொடியில், அவள் மட்டும்—'

(அடித்துவிட்டேன். அந்த நொடியில் அவள் மேசைக்கடியில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாளாம். நிழலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.)

2

நாம் இணையப் பக்கங்களைத் திறக்கிறோமே, அந்த உலாவியில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி அடைப்பது என் தங்கையின் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். அந்த உலாவியின் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கும். ஓட்டையை அடைத்த வரிகள் செவ்வாய்க்கிழமை அங்கே போய்ச் சேரும். நம் கணினிக்கு அப்டேட்டாக வர வெள்ளிக்கிழமை ஆகும். இடைப்பட்ட நாட்களில் திருடர்களும் அதைப் படிக்கலாம்.

அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம். எவ்வளவு பெரிய ஓட்டையை அடைத்தாலும், கூடவே எழுதும் குறிப்பு சப்பென்று இருக்க வேண்டும். 'சிறு திருத்தம்.' 'வரிகளை ஒழுங்குபடுத்தினேன்.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் அங்கே ஒழுக்கம். நான் சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்கிப் பிழைப்பவன். ஒரே வீட்டில்தான் பிறந்தோம்.

3

மற்ற பழுதுகளைச் சரிசெய்தால் ஒரு சோதனைக் கோப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும். 'பழுது இப்படித்தான் வரும்' என்று வரவழைத்துக் காட்டும் கோப்பு. பாதுகாப்பு ஓட்டைக்கு மட்டும் அதைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் திருடனுக்குச் சாவியைக் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்புவது என்றும் எழுதிக் கொடுத்த மாதிரி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் பாடமாக நடத்துவதே என் தங்கைதான். யானைக்கும் அடி சறுக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை, பழகிய கை தானாகவே கோப்பைச் சேர்த்துவிட்டது. சரிபார்க்க வேண்டியவரும், அவள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். வியாழன் மாலை பக்கத்து மேசைக்காரர் வந்து நின்றார்.

"மேடம், இந்தக் கோப்பு வெளியில இருக்கே?"

அவள் செருப்பைத் தேடியது அப்போதுதான்.

"எடுத்துட்டியா?" என்றேன் சமையலறையில்.

"எடுத்தேன். எடுத்து என்ன? ரெண்டு நாளா ஊரே பாத்திருக்கும். ஒரு மோசமான பக்கத்தைத் திறந்தாலே போதும்ணா. பிரௌசர் ஒருதடவை தானா மூடித் திறக்கும், அவ்வளவுதான். உள்ள வந்துருவான்."

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"ஒரு புகாரும் வரலை. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்."

(இங்கே ஒரு வரி எழுதி அழித்தேன். அடுத்த பகுதியில் அதைத்தான் சுற்றி வளைக்கப் போகிறேன்.)

4

இந்தக் கதையில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை: அண்ணன்.

அந்த வியாழன் காலை என் உலாவி தானாக மூடித் திறந்தது. மத்தியானம் என் மின்னஞ்சல் பெட்டி காலி. வந்தவன் என் பெயரில் ஊரெல்லாம் குப்பை அனுப்பிவிட்டு, தடயம் இருக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போயிருந்தான். பாதி எழுதிய நாவல் ஒன்றும் போயிற்று. வாசகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம்.

அப்பாவின் கடிதங்களும் போயின. சாகும்வரை ஞாயிறுதோறும் எனக்கு எழுதினார். ஒற்றை விரலால் தட்டியவை. ஒரு முற்றுப்புள்ளி இருக்காது. அவற்றை நான் வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லத்தான் நானும் காத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். கேட்டபிறகு என் கதையை விழுங்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, தேதியை மாற்றிச் சொன்னேன்: அப்டேட் வந்த அடுத்த வாரம்தான் திருடுபோனது என்று.

"அப்டேட் வந்து அத்தனை நாளாச்சு. ஒரு பட்டனை அமுக்க உனக்கு என்ன கேடு?"

"அறுபது பக்கம் திறந்து வச்சிருந்தேன்மா, அமுக்கினா எல்லாம் மூடிக்குமேன்னு..."

"அப்பா எழுதினது மொத்தமும் போச்சேண்ணா! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"என் தப்புதான்" என்றேன்.

அன்றிலிருந்து அவள் நடத்தும் பாடத்தில் நானும் ஓர் உதாரணம். 'எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க இருக்காங்க, அதனால—' என்று ஆரம்பிப்பாளாம்.

5

முடிவு ஒன்று: சொல்லாமல் விடுகிறேன். அவள் தூங்குவாள். கதையும் நேற்றுவரை இங்கேதான் முடிந்திருந்தது.

நேற்று மாலை போனில் சாதாரணமாகச் சொன்னாள். எல்லாரும் அப்டேட் போட்டாயிற்று, இனி அந்த ஓட்டையைப் பற்றி வெளியில் பேசினால் குற்றமில்லை. திங்கட்கிழமை 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று அவள் கையெழுத்துப் போட்டால் விவகாரம் முடிந்தது. பாதிப்பு இருந்திருந்தால், இனி அந்த மாதிரிக் கோப்பு வெளியே போகாமல் தடுக்க நிரலிலேயே ஒரு பூட்டுப் போட்டிருப்பார்களாம். இல்லாததால் தேவையில்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

ஆக, என் பொய் அவளைத் தூங்கவைத்தது; ஓட்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. அடுத்த முறை யாருடைய அப்பாவோ.

முடிவு இரண்டு: வியாழன் என்று சொல்கிறேன். அவள் முகம்—

(எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று: இதையே அவளுக்கு அனுப்புகிறேன். தேதியை மாற்றாமல், வியாழன் வியாழனாகவே. கூட ஒரு குறிப்பு வேண்டுமே? நாலு பக்கம் விளக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். கடைசியில் அவள் பாஷையிலேயே எழுதினேன்: 'சிறு திருத்தம். திங்களுக்கு முன்னால் படி.'

அதைப் பார்த்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்காருவாள். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

இது உங்கள் கைக்கு அச்சில் வந்திருந்தால், அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அவள் முதலில் எதற்கு அழுவாள், அப்பாவின் கடிதங்களுக்கா, என்னைத் திட்டியதற்கா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.