வாளித் தங்கம்

என் மாமியார் அங்காளம்மாளுக்கு உலகத்தில் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், கண்டக்டர் சில்லறையை அமுக்குகிறான், மருமகள் பள்ளிக்கூடத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள். இப்பேர்ப்பட்டவள், நகைக்குப் பாலிஷ் போடுகிறோம் என்று வாசலில் வந்து நின்ற இரண்டு பயல்களிடம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். கேட்டால், "அத்தைன்னு வாய் நிறையக் கூப்பிட்டாம்ட்டி" என்கிறாள். நானும் கல்யாணமான நாளிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு ஒரு குந்துமணி கழன்று வந்ததில்லை.

பயல்கள் கொண்டுவந்த வாளியில் ஏதோ கலங்கல் தண்ணீர். அதில் சங்கிலியை முக்கி ஆட்டிக்கொண்டே, பால்கோவா வாசம் தெரு முக்குவரை வருகிறது, அது இது என்று அத்தையைக் குளிர வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தபோது சங்கிலி புதுசாக மின்னியதாம். ஆனால் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல வருஷமாகக் கோவா கிண்டிப் பொட்டலம் கட்டுகிறவள். கையில் வாங்கியதுமே கனம் குறைந்தது தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கோவா கிண்டுகிற துடுப்போடு வந்தாள். ஒருத்தனுக்கு முதுகில் விழுந்தது. இன்னொருத்தனுக்கு எங்கே விழுந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். வாளியையும் ஒரு பையையும் போட்டுவிட்டு இரண்டு பேரும் பைக்கில் பறந்துவிட்டார்கள்.

போலீசுக்குப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாமா சுந்தரபாண்டியன் ரிடயர்டு எஸ்.ஐ. பொங்கல் விளையாட்டு விழாவில் மைக்கைப் பிடித்து, பாலிஷ் போடுகிறோம் என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியது அத்தைதான்.

"இது வெளிய தெரிஞ்சுது, நான் தெருவுல நடமாட முடியாது. ஸ்டேஷன்ல சிரிப்பானுவ. ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது, ஆமா" என்றார் மாமா.

அத்தை மூச்சு விடவில்லை. நேராகக் காளியம்மன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்தாள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அம்மன் முன்னால் ஒரு காசை இரண்டாக வெட்டிச் சாபம் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டினால் வெட்டினதுதான், வாபஸ் கிடையாது.

"என்ன சொல்லி வெட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"அடுத்தவ நகையைக் கரைச்ச காசுல திங்கிறவன் எவனா இருந்தாலும் அவன் வம்சம் வெளங்காமப் போகணும்னேன். பொறவு, எவளா இருந்தாலும்னு சேத்துக்கிட்டேன்."

"எவளா எதுக்கு?"

"எதுத்த வீட்டு மாரிக்கனிதான் அவனுகளுக்கு நம்ம வீட்டைக் கையக் காட்டிவிட்டா. அவளுக்கும் இதுல பங்கு இருக்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பைக் நம்பரைக் கண்டுபிடிக்கிறதுதான் காளியம்மனுக்கு வேலையா அத்தை?" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செத்த நேரம் கழித்துக் கொல்லைப்பக்கம் புகை தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கோவா அடுப்பு எரிகிறது. மேலே இரும்புச் சட்டி. அத்தை வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"பாலைச் சுண்டக் காய்ச்சுனா கோவா வருது. இதைச் சுண்டக் காய்ச்சுனா தங்கம் வந்துட்டுப் போவுது. இதுல என்னட்டி தப்பு?"

பக்கத்தில் திருஷ்டிக்கு அறுத்துப் பிழிய ஒரு எலுமிச்சம்பழம் வேறு வைத்திருந்தாள். பயல்கள் விட்டுப்போன பையைப் பிரித்தேன். உள்ளே வெள்ளைக் கட்டிகள். தங்கத்தைக் கரைக்கிற வெள்ளைக் கட்டி எதுவென்று நான் வருஷா வருஷம் ராஜபாளையத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

"அய்யோ அத்தை, அது சயனைடு! எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விழுந்தாப் போதும், கெளம்புற ஆவியில எல்லாரும் இங்கனயே மல்லாந்துருவோம். வாளியைக் கீழ வைங்க!"

வைத்தாள். முதல் முறையாக நான் சொன்ன ஒன்றைக் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு, புத்தகத்தில் உள்ளதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். சுரங்கத்தில் கல்லைப் பொடியாக்கிச் சயனைடு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அதிலுள்ள தங்கமும் வெள்ளியும் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். பிறகு அந்தத் தண்ணீரில் துத்தநாகத்தைப் போட்டால், பஸ்ஸில் ஆள் மாறி உட்காருகிற மாதிரி துத்தநாகம் தண்ணீருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், தங்கம் எழுந்து வெளியே இறங்கிவிடும்.

"அப்ப எறக்கு."

"நான் போர்டுலதான் எறக்கியிருக்கேன் அத்தை. அஞ்சு மார்க் கேள்வி."

"இதுக்குத்தானா உனக்குச் சம்பளம் குடுக்காக?" என்றாள்.

மறுநாள் லீவு போட்டேன். வாளியை இறுக்கி மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அந்தப் பையையும் சேர்த்து ஆட்டோவில் வைத்து ராஜபாளையம் கிளம்பினோம். ஆட்டோக்காரர் வாளியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மோரா?" என்று கேட்டார். "ஆமா, குடிச்சுராதிய" என்றாள் அத்தை. ராஜபாளையம் போய்ச் சேரும்வரை நான் அந்த மூடியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

நாங்கள் தேடிப் போன மாரீஸ்வரன் அண்ணன், நகைப் பட்டறைகளில் கூட்டிப் பெருக்குகிற குப்பையை வாங்கி, அதிலிருந்து தங்கம் எடுத்து விற்பவர். அவர் மகன் என்னிடம் படித்தவன். மூடியைத் திறந்து பார்த்ததும் எங்களைக் கண்டபடி திட்டினார். "இதையா மடியில வச்சுக் கொண்டாந்திய? படிச்ச டீச்சரா நீங்க?" பிறகு கையுறை மாட்டி, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். துத்தநாகப் பொடி விழுந்து கொஞ்ச நேரத்தில் வாளியின் அடியில் கன்னங்கரேலென்று சேறு படிந்தது.

அத்தை தலையில் கை வைத்தாள். "அடிப்பிடிச்சுப் போச்சே! எல்லாம் போச்சே!"

"அதான் அத்தை தங்கம்!" என்று கத்தினேன். பக்கத்துப் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எத்தனையோ தடவை எழுதிப் போட்ட சமன்பாடு கண் முன்னால் நடந்தால் நான் வேறு எப்படிக் கத்துவேன்?

சேற்றைக் கழுவிக் காயவைத்து, வெங்காரம் போட்டு உருக்கினார் மாரீஸ்வரன் அண்ணன். கடைசியில் ஒரு உருண்டை திரண்டு நின்றது. வெளிறிப்போய் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளி கலந்திருக்கே. வெள்ளி ஏதும் குடுத்தியளா?"

"இல்லையே. சங்கிலி மட்டுந்தான்" என்றாள் அத்தை.

வெள்ளியைத் தனியாகப் பிரித்து, தங்கத்தை நிறுத்தார். சங்கிலியில் கரைந்துபோனது ஒன்றரைப் பவுன்தான். தராசு மூன்று பவுனுக்கு மேல் காட்டியது.

"அந்த வாளிக்கு உங்க வீடு மொத வீடு இல்லக்கா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "போனதும் வந்துருச்சு, மேற்கொண்டும் வந்துருச்சு! யாருதுன்னு தேட முடியுமா? தேடுனா விஷயம் வெளிய தெரிஞ்சிரும். பேசாம இருங்க" என்றார். அத்தை சாப்பிடவில்லை. தங்கத்தையும் வெள்ளியையும் மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவளா இருந்தாலும்னு சொன்னேனே ரஞ்சனி" என்றாள்.

"விடுங்கத்தை. காசு வெட்டுனா சாபம் பிடிக்கும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. "அதானே! உனக்குத்தான் இதுல நம்பிக்கையே கெடையாதே. ஒன்னைப் பிடிக்காது. இந்தா, மிச்சத்தை நீ வச்சுக்க. வளையல் அடிச்சுப் போட்டுக்க." பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து வராத தங்கம்.

கையை நீட்டினேன். உள்ளே என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை வெட்டிப் போட்ட சாபத்தில் வம்சம் என்றால் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. நீட்டிய கையால் மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தேன். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஓ, ஒனக்கும் இருக்கா?" என்றாள்.

காலையில் எதிர்வீட்டு மாரிக்கனி அக்கா வாசலில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் காலில் கொலுசு வெள்ளைவெளேரென்று மின்னியது. நான் எதிர்ச்சாரிக்குப் போனேன்.

"கொலுசு புதுசாக்கா?"

"இல்ல டீச்சர், பழசுதான். பாலிஷ் போட வந்த பயலுவ. எம்புட்டு அழகாப் பண்ணிக் குடுத்துருக்கானுவ பாரு. நாந்தான் உங்க வீட்டுக்கும் போகச் சொன்னேன்."

தொட்டுப் பார்த்தேன். நூல் மாதிரி ஆகியிருந்த கொலுசு என் கையோடு அறுந்து வந்தது.

"அக்கா, இது பாலிஷ் இல்ல. பாதி வெள்ளியைக் கரைச்சு எடுத்துட்டானுவ" என்றேன்.

மாரிக்கனி அக்கா கொலுசைப் பிடுங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான், சீப்பு ஒரு பக்கம் பறந்தது. "அடப் பாவிகளா! பச்சப்பிள்ள கால் கொலுசையா! இந்தா, இப்பவே போறேன் காளியம்மன் கோயிலுக்கு, வெட்டிப் போடுதேன் காசை! எம் பேத்தி வெள்ளியை வச்சிருக்கவன் எவனா இருந்தாலும்..." என்று ஆரம்பித்தவள், இது எனக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, எங்கள் வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "எவளா இருந்தாலும்..."

எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அத்தை ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கோவா ஒட்டிய கையாலேயே மாரிக்கனியின் வாயைப் பொத்தினாள்.

"வெட்டிராதட்டி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்! ஒன் வெள்ளி எங்கிட்டதான் இருக்கு! என் சங்கிலியையும் அவனுகதான் கரைச்சுட்டுப் போனானுவ! நானும் ஏமாந்துட்டேன்!"

தெருவில் எல்லாக் கதவும் திறந்தது. வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்து, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.