டோமாசா மாட்டிய புதுப் பூட்டு

அந்தச் சின்னத் தீவின் லரேனா துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களுக்கு இரண்டே ஆறுதல்கள். ஒன்று, அனெசிட்டா விற்கும் ஒட்டும் அரிசிச் சோறும் சூடான சாக்லேட்டும். இன்னொன்று, கொட்டகை ஓரமாக டோமாசா வைத்திருந்த, காசு போட்டு ஆடும் ஆறு ஆளுயர வீடியோ கேம் பெட்டிகள்.

டோமாசாவுக்கு ஐம்பத்தாறு வயது. பெட்டிகளை அவளே துடைப்பாள், அவளே பழுது பார்ப்பாள், ஆள் இல்லாத நேரத்தில் அவளே ஆடவும் செய்வாள். விமானம் சுடும் ஆட்டத்தில் அவளுக்கு ஒரே போட்டி டெல்ஃபின், கப்பலின் சமையற்காரன். கப்பல் கரையில் நிற்கும் முக்கால் மணி நேரமும் அவனுக்கு அந்தப் பெட்டிதான் கதி. திரையில் வரும் புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் முதலிடத்தில் குந்தியிருந்தது. பெயருக்கு மூன்று ஆங்கில எழுத்துதான் இடம். "டெல்" என்று போட்டிருந்தான்.

அன்று காலை அந்த முதலிடத்தை டோமாசா பிடித்துவிட்டாள்.

ஒரே ஒரு சங்கடம். பழைய பெட்டி, மின்சாரம் போனால் பட்டியல் மொத்தமும் அழிந்துவிடும். டெல்ஃபினின் பெயரை முந்துவதற்குள் அது அழிந்துவிடக் கூடாதென்று, ஒன்பது நாளாக அவள் அதை அணைக்கவில்லை. ஒன்பது நாளாகக் கரண்டும் போகவில்லை, அந்தத் தீவில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் பெட்டியின் கதவுப் பூட்டு தேய்ந்து, ஐஸ் குச்சியை விட்டு நெம்பினாலே திறந்துகொண்டது. யாராவது உள்ளே கை விட்டு ஒரு வயரைத் தட்டிவிட்டால் போச்சு. டெல்ஃபின் வந்து பார்ப்பதற்குள் புதுப் பூட்டு மாட்டிவிடுவது என்று உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டி உள்ளூர்த் தச்சன் செய்தது. கதவுக்கு மேலே கீல், கீழே பூட்டு. பூட்டின் பின்னால் இருக்கும் நாக்கு கீழ்நோக்கித் திரும்பி, சட்டத்துக்குப் பின்னே மாட்டிக்கொள்ளும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை நுழைத்தாள். துளை தேய்ந்து வட்டமாகிப் போயிருந்ததால், சாவியைத் திருப்பினால் பூட்டே கூடச் சுற்றியது. ஒரு தகட்டை வெட்டி, பூட்டின் தட்டையான பக்கங்கள் பொருந்தும்படி அதில் துளை அராவி, உள்பக்கம் வைத்து ஆணி அடித்தாள். பூட்டு அசையாமல் நின்றது. புது நாக்கு நேராக இருந்ததால் சட்டத்துக்கு எட்டவில்லை. பழைய பூட்டின் வளைந்த நாக்கை எடுத்து மாட்டினாள். சரி பார்ப்பதற்காக ஸ்க்ரூவைக் கையாலேயே திருகி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. டோமாசா படபடத்துக் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியைப் பைக்குள் போட்டாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மூக்கைத் தடவினாள். வேர்வைக்காகக் கழற்றி வைத்த கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மறுபடி சாவியைப் போட்டுத் திருப்பினாள். சாவி சுற்றியது, கதவு அசையவில்லை. ஸ்க்ரூ இறுக்காத நாக்கு, சாவியோடு சுற்றும் தண்டின் பிடியிலிருந்து நழுவி, ஸ்க்ரூவில் மாட்டியபடி தன்பாட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மனாங், புதுப் பூட்டு உங்க பேச்சையே கேக்க மாட்டேங்குதா?" என்றான் சுமை தூக்கும் ஹெனேரோ. அக்காவை அங்கே மனாங் என்பார்கள்.

"வாயை மூடு. கண்ணாடி உள்ள மாட்டிக்கிச்சு."

"ட்ரில்லைப் போட்டு ஓட்டை போட்டா ரெண்டு நிமிஷம்."

"இரும்புத்தூள் உள்ள கொட்டும்டா. கரண்டை நிறுத்தாம போட முடியாது. நிறுத்தினா என் பேரு போயிடும்."

"பேரு போனா என்ன, இன்னொரு தடவ ஆடு," என்றாள் அனெசிட்டா, சோற்றை இலையில் மடித்தபடி.

"முப்பது வருஷமா ஒரே சோறு விக்கிறியே, உனக்கு என்ன தெரியும் அந்தப் பேரோட அருமை?"

"ஒரே சோறுதான். கூட்டம் குறையலியே!"

டோமாசா பெட்டியையே முறைத்துக்கொண்டு நின்றாள். நாக்கு தன் பாரத்தால்தானே தொங்குகிறது? பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தால் அதுவும் பக்கவாட்டில் சாயாதா?

"ஹெனேரோ, இன்னும் மூணு பேரைக் கூப்பிடு. வயர் மேல யாரும் கால் வெச்சுடாதீங்க!"

இரண்டு சுமைக்காரர்கள் வந்தார்கள். நாலாவது ஆளாக, கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய டெல்ஃபின், ஏப்ரனோடு ஓடி வந்து தானாகவே தோள் கொடுத்தான்.

"என் பெட்டிக்கு என்ன ஆச்சு?"

"உன் பெட்டியா? பேசாம தூக்கு."

நால்வரும் மூச்சுப் பிடித்துப் பெட்டியை மெல்லச் சாய்த்தார்கள். திரையின் ஒரு மூலை ஊதா நிறமாக மாறியது. டெல்ஃபினின் முகம் திரைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் பட்டியலைப் படித்தான். முதலில் "டோம்". அதற்குக் கீழே "டெல்".

"ஏய்! இது என்ன இது?"

"விட்டுடாதே! விட்டுடாதே!"

"எப்போ நடந்துச்சு இது?"

"காலையில. பெட்டியைப் பிடி, ராஜா!"

"தூக்கிட்டு நிக்கும்போதா இதைக் காட்டுவ? ஈவு இரக்கமே இல்லையா உனக்கு?" என்றான். ஆனால் கை தளரவில்லை.

உள்ளே 'டொக்' என்று நாக்கு விழும் சத்தம். டோமாசா கதவை இழுத்தாள், திறந்துகொண்டது. கண்ணாடியைத் துழாவி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் காரியமாக டெல்ஃபினின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு தெளிவான தோல்வியை அவள் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹெனேரோவும் சிரிக்க, பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"சிரிச்சுக்கிட்டே கீழ போட்டுடாதீங்கடா," என்று அனெசிட்டா அதட்டிய பிறகுதான் அது நேராக நின்றது.

இந்த முறை டோமாசா நாக்கைத் தண்டில் சரியாகப் பொருத்தி, ஸ்க்ரூ தளராமலிருக்கச் சுருள் வாஷர் ஒன்று வைத்து, ஸ்பேனரால் இறுக்கினாள். கதவைத் திறந்து வைத்தபடியே பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாத்தினாள்.

டெல்ஃபின் ஏப்ரனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் இறங்கினான். சுமைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். டோமாசாவின் புள்ளியில் பாதியைக் கூட எட்டாமல் விமானம் வெடித்தது. இன்னொரு தடவை ஆடினான், அதுவும் போயிற்று. கப்பலிலிருந்து யாரோ, "டெல்ஃபின், சோறு தீயுது!" என்று கூவினார்கள்.

"வெள்ளிக்கிழமை வரேன்," என்றான் அவன், நடந்துகொண்டே. "அதுவரைக்கும் கரண்டைப் பார்த்துக்க. உன் பேரு இருக்கணும். அதை நான்தான் கீழ இறக்கணும்."

"வா வா. மீன் வறுவல் இல்லாம வராதே."

அனெசிட்டா கேட்காமலே ஒரு கோப்பை சாக்லேட்டை நீட்டினாள். டோமாசா பெட்டியில் முதுகைச் சாய்த்து, நிதானமாக ஊதி ஊதிக் குடித்தாள்.