தூக்கத்தில் இழுத்த மணிக்கயிறு

நல்ல தூக்கத்தில் இருந்தபடியே, தையல் போட்ட வலது கையால், தொண்ணூறு பேர் ஏறியிருந்த பேருந்தை ஒரே இழுப்பில் நிறுத்தியவன் நான். கண் திறக்கவில்லை. குறட்டைகூட நிற்கவில்லை.

சிரிக்காதீர்கள். என் மச்சான் சிரித்த சிரிப்பே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இருபத்தாறு வருடம் ஒரே பேருந்தில் அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். நான் சொல்வது எதையும் நம்பாத ஒரே மனிதர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் முன்னால் மட்டும்தான் பார்ப்பார். வண்டியின் சுவாரசியமெல்லாம் நடப்பதோ பின்னால். கடைசி இருக்கையில் ஓர் அம்மாளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது என்று ஒருநாள் சொன்னேன். "ஒரு பிள்ளை அழுத சத்தமும் கேக்கலையே மாப்ளே," என்றார்.

எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஒரே நம்பிக்கை மணிக்கயிறுதான். மற்ற நடத்துநர்கள் வண்டியை நிறுத்த ஒரு டிங் அடிப்பார்கள். நான் நீளமாக ஒரு டிங் இழுத்து, வால் மாதிரி குட்டியாக இன்னொன்று வைப்பேன், கையெழுத்துக்கு அடியில் கோடு போடுகிற மாதிரி. அது கேட்டால் மச்சானின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

இருபத்தாறு வருடம் மேல்கம்பியில் தொங்கிய தோள், நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் ராஜினாமா செய்தது. மனைவியோடு பேருந்தில் நின்றுகொண்டு போகிறேன். வளைவு வருகிறது. கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்குகிறேன், கை வரமாட்டேன் என்கிறது. நேராகப் போய் முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் மடியில் உட்கார்ந்தேன். "வசதியா இருக்கா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். அவளிடம் என் மனைவி மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் மூன்று நாள் பேசவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். சட்டைக் கையில் தையல் விட்டதுபோல், தோளில் தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்துகொண்டிருந்தது.

"பயிற்சி பண்ணிக்கிட்டு இப்படியே காலத்தை ஓட்டலாம். இல்லேன்னா ஆபரேஷன் பண்ணித் தைக்கலாம். தைச்சா ஆறு வாரம் கையைக் கழுத்துல தூளி கட்டித் தொங்கவிடணும். அப்புறம் ஆறு மாசம் பயிற்சி. சில பேருக்குத் தோள் இறுகிப்போறதும் உண்டு."

வீட்டில் மாநாடு கூடியது. "வேண்டாம் மாப்ளே. ஓடற வண்டியைப் பிரிக்கக் கூடாது," என்றார் மச்சான்.

"எங்கண்ணே ஓடுது?" என்றாள் என் மனைவி. "அஞ்சு மாசமா இவருக்குத் தலை நான்தான் வாரிவிடறேன். ஏங்க, நீங்க ஒத்துக்கலேன்னா நாளையிலேருந்து நடு வகிடுதான்."

என் தலையில் மிச்சம் இருப்பது முப்பத்தெட்டு முடி. அதில் நடு வகிடா! அன்றே சம்மதித்தேன்.

ஆபரேஷன் ஒன்றுமில்லை. மயக்க மருந்துக்கு மயங்காமல் டாக்டருக்கே நான் யோசனை சொன்னேன். (மச்சான் கணக்கில் நான் இரண்டு எண்ணுவதற்குள் வாயைப் பிளந்துவிட்டேன்.) பாடு அதற்குப் பிறகுதான். கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு தலையணை. அதோடு வாசற்படி தாண்டினால் நான் ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம். இடது கையால் பல் தேய்த்தேன், பாதி பேஸ்ட் காதுக்குப் போனது. சட்டை போடும்போது நோயாளிக் கை முதலில் நுழையும், கழற்றும்போது கடைசியில் வெளியே வரும். மந்திரிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது. வலிக்கு ஒத்தடமாகத் தோள்மேல் சதா ஒரு பட்டாணிப் பொட்டலம், ஃப்ரீசரிலிருந்து. படுத்தால் குத்தும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். அதில் நான் பெற்ற தேர்ச்சி, முகத்துக்கு சோப்புப் போட்டுக்கொண்டே தூங்கும் அளவுக்கு!

தூளி கழன்றது. மேஜையைப் பிடித்துக் குனிந்து கையை ஊசல் மாதிரி ஆட்டினேன். பிறகு சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்ற வேண்டும். எட்டிய உயரத்தில் மனைவி தினமும் பென்சிலால் கோடு போடுவாள். கோடுகள் ஏறி ஏறி, சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பன்னிரண்டு நாள் அதே இடம். அதற்கு மேல் கை போனால் தையல் பட்டென்று விட்டுவிடும் என்று உள்ளே ஒரு குரல். மச்சான் தினமும் வந்து கோட்டைப் பார்ப்பார். கேலி செய்யாமலே திரும்பிப் போவார்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "ரெண்டு வாரம் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா மறுபடி மயக்கம் குடுத்து, இறுகினதை விடுவிக்கணும்."

மறுபடியும் பட்டாணிப் பொட்டலமா? வெளியே வந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு வாரம் முடிந்த நாளில், மச்சானும் நானும் மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினோம். அவர் வழக்கம்போல் ஓட்டுநருக்குப் பின்னால். நான் வழக்கம்போல் பின் வாசலோரம், பழைய நடத்துநர் இருக்கையில். தலைக்கு மேலே கயிறு. இப்போது நடத்துநர் கிடையாது, இறங்குகிறவர்களே இழுத்துக்கொள்கிறார்கள். வெயில் இதமாக இருந்தது. உட்கார்ந்து தூங்குவதில்தான் நான் பட்டம் வாங்கியவனாயிற்றே!

விழித்தபோது பேருந்து பணிமனை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் நான் மணியடித்த நிறுத்தம். என் வலது கை தலைக்கு மேலே நேராக நின்றது, விரலில் கயிறு. பார்த்தேன், பயந்தேன், கை பொத்தென்று மடியில் விழுந்தது. வலி இல்லை. மறுபடி தூக்கினேன், கண்ணுயரத்துக்கு மேல் போகவில்லை.

"மச்சான்! பார்த்தீங்களா?"

"என்னத்தை?" அவர் திரும்பவே இல்லை.

"என் கை! மேல போச்சு!"

"யாரோ இறங்க மணி அடிச்சாங்க. நீ கனவு கண்டிருப்பே."

"யாரும் இறங்கலையே!"

"மனசு மாறியிருப்பாங்க."

மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கி நடந்தபோது அவர் நொண்டினார். கேட்டால், "செருப்பு கடிக்குது," என்றார்.

டாக்டர் என் கையைத் தூக்கினார். கண்ணுயரத்தில் தோள் பாறையானது. நாள்காட்டியைப் பக்கத்தில் இழுத்து, "அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" என்றார்.

நான் பேருந்துக் கதையைச் சொன்னேன். அவசரத்தில் தொண்ணூறு நூற்றிருபதானது. டாக்டர் பேனாவை மூடினார்.

"தூங்கும்போது முழுசா மேல போச்சுன்னா, இது இறுக்கம் இல்லை, பயம். பயத்துக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும். ஆனா நிஜமா போச்சா? கூட யாராவது இருந்தாங்களா?"

இருவரும் மச்சானைப் பார்த்தோம். என் தோளின் கதி, என்னை நம்பாத ஒருவரின் வாயில் இருந்தது.

"நான் பார்க்கலை டாக்டர்," என்றார் மச்சான். "நான் எப்பவும் முன்னாடிதான் பார்ப்பேன்."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஆனா கேட்டேன்." மச்சான் குனிந்து செருப்பைக் கழற்றினார். கால் பெருவிரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. "நீளமா ஒண்ணு, குட்டியா ஒண்ணு. இந்த உலகத்துல வேற எவனும் அப்படி அடிக்க மாட்டான். சத்தம் வந்ததும் என் காலு பிரேக்கை மிதிச்சுது. பயணி சீட்டுல ஏது பிரேக்கு? எதிர்ல இருந்த இரும்புத் தகடுதான் இருந்துச்சு."

என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நடந்தது நிஜம்தான் டாக்டர். ஆனா வண்டியில எட்டுப் பேருதான்."