பக்கத்து சீற்றில் மாஸ்ரர்

“லைசென்ஸ் இருந்தும் ஓடத் தெரியாதவன், ஓடத் தெரிஞ்சும் லைசென்ஸ் இல்லாதவன். உதில ஆர் ஆபத்து, பிள்ளை?”

அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது சூசைதாசன் மாஸ்ரர் என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்குக் கார் பழக்குகிறவர் அவர். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லமாட்டேன் என்பதால்தான் கேட்டிருக்கிறார் என்பது அடுத்த விளக்கில் தெரிந்தது. வேகமாக ஓடிப் பிடிபட்டுப் பிடிபட்டுத் தண்டனைப் பொயின்ற் கூடி, அவருடைய லைசென்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்களாம். வாய் திறக்காத பிள்ளையிடம் சொன்னால் மனப்பாரம் குறையும் என்றார்.

அதற்காகத் தொழிலை நிறுத்தவில்லை. தான் ஓடுவதில்லையே, பிள்ளைகள்தானே ஓடுகிறார்கள் என்பது அவருடைய நியாயம். பழகுகிறவருக்குப் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்கவேண்டும் என்ற சட்டத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதில் ‘பக்கத்தில் இருக்கவேண்டும்’ என்ற பகுதியை அவர் ஒருநாளும் மீறவில்லை.

லைசென்ஸ் போன பிறகு பாடத்திட்டம் விரிந்தது. பின்னுக்கு எடுக்கும் பயிற்சி மீன்கடை வாசலில் நடந்தது. இரண்டு காருக்கு நடுவில் நிறுத்தும் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை, பூசை நேரத்தில், தேவாலயத்துக்கு முன்னால். நெடுஞ்சாலைப் பயிற்சிக்கு அவருடைய மச்சானின் மகளின் பிறந்தநாளுக்குப் போனோம். நான் காருக்குள் இருந்து கேக் சாப்பிட்டேன்.

நான் இதை அம்மாவிடம்கூடச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு நகரத்துக்கு வெளியே, பிறம்ரனில், ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்திருந்தது. பெட்டிகளில் முகவரி ஒட்டவேண்டும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க்கில் இருந்து அந்தக் காலை வேலைக்குப் போய்ச் சேரப் பஸ் கிடையாது. றோட் ரெஸ்ற் பாஸ் பண்ணினால் திங்கட்கிழமை தொடங்கலாம். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

ரெஸ்ற் நாளில் அம்மாவும் கூட வந்தார். பரீட்சை நிலையத்தின் வாசலில் நான் காரை நிறுத்தியதும் இறங்கி, நான்கு சில்லுகளுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். பையில் இருந்து தேங்காயையும் எடுத்தபோது மாஸ்ரருக்கு வியர்த்தது.

“இஞ்சை வேண்டாம் அக்கா. ஆக்கள் பாக்கினம்.”

“உங்கட அந்தோனியார் கண்ணாடியில தொங்கலாம். எங்கட பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கக் கூடாதோ?”

உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அம்மா நிறுத்தியிருப்பார். சொல்லாவிட்டால் மதச் சண்டை. மாஸ்ரர் யோசித்துவிட்டு, மெதுவாக உடைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

மெதுவாகத் தேங்காய் உடைக்கும் முறை எங்கள் சமயத்தில் இல்லை. அது நேர்பாதியாக உடைந்தது, நல்ல சகுனம். ஒரு பாதி உருண்டு வாசற்கதவு வரைக்கும் போனது. சிறிது நேரத்தில் ஒரு பெண் அதிகாரி அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் கோபிக்கவில்லை. பாதித் தேங்காயை அம்மாவிடம் மரியாதையாகக் கொடுத்தாள். என் பழகுனர் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு, கூட வந்தவருடைய லைசென்ஸைக் கேட்டாள். மாஸ்ரர் சட்டைப் பையைத் தடவினார், காற்சட்டைப் பையைத் தடவினார், வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார். பரவாயில்லை, பெயரைச் சொன்னால் கொம்பியூட்டரில் பார்க்கலாம் என்றாள் அவள்.

மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

“அம்மாட்டை லைசென்ஸ் இருக்கெண்டு சொல்லு பிள்ளை. உன்ர வேலையை நினைச்சுப் பார்.”

அம்மா சைக்கிள்கூட ஓடியதில்லை. மாஸ்ரரின் விரல் அம்மாவைக் காட்டியதைக் கண்ட அதிகாரி என்னைப் பார்த்து, உன் அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றால் எப்போது எடுத்தது, எங்கே வைத்திருக்கிறார் என்று வரிசையாகக் கேள்வி வரும். அத்தனைக்கும் என்னால் கதைக்க முடியாது. பொய் நிறையச் சொல் கேட்கும். உண்மை சிக்கனமானது.

“இல்லை” என்றேன் ஆங்கிலத்தில். “மாஸ்ரருக்கும் இல்லை.”

ரெஸ்ற் ரத்தாகிவிட்டது. லைசென்ஸ் உள்ள ஒருவர் வரும்வரை கார் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு அதிகாரி உள்ளே போனாள். நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட அம்மா மாஸ்ரரிடம் திரும்பினார்.

“அப்ப இவ்வளவு நாளும் என்ர பிள்ளை ஆரை நம்பி ஓடினவள்?”

மாஸ்ரர் குனிந்து, முன்சில்லடியில் இருந்த தேசிக்காயைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தன் காரில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பொனற்றின் மேல் வைத்தார். பிறகு சட்டைக் கொலரை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், வீதியைக் கடந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.