ஒரு சுழி குறைவு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு புகார் எண்ணில் கிடைத்தது. உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் குட்டு வெளிப்பட்டது என்பார்கள். (எல்லா உண்மையையும் இப்போதே சொல்லப் போவதில்லை. கதை எழுதுகிறவளிடம் அவ்வளவு நேர்மையை எதிர்பார்க்கக் கூடாது.)

வீட்டில் நெட் வரவில்லை என்று இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் ஒரே இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். லைனைச் சோதிக்க நான்கு நிமிடம் ஆகுமாம். அதுவரை வாடிக்கையாளரை மௌனமாகக் காக்க வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. என்னிடம் அந்தக் கவலையே வேண்டாம். நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். கதை எழுதுவேன் என்று சொன்னதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், கதை எழுதறவங்கன்னா ஒண்ணு கேக்கலாமா? என் பக்கத்து சீட்டுல ஒருத்தி இருக்கா. அவ அக்கா நாலே எழுத்துல ஒரு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. என்ன அர்த்தம்னு ரெண்டு மாசமா எங்க ஃப்ளோர் முழுக்கக் கேட்டுட்டு இருக்கா. நீங்களாவது சொல்லுங்களேன்."

மெசேஜ் இதுதான்: vidu

2.

தொடக்கம் ஒன்று: "கண்ணுக்குத் தெரியாத அலைகள் மனித மனங்களைப் பின்னிக்கொண்டிருக்கும் இந்த நூற்றாண்டில்" வேண்டாம். இப்படித் தொடங்கிய எதையும் நானே படித்து முடித்ததில்லை.

தொடக்கம் இரண்டு: அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவள் கண்களில்

அவள் கண்களில் ஒன்றும் இல்லை, அசதிதான். ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொன்னவளின் கண்ணில் வேறு என்ன இருக்கும்?

நேராகவே போகலாம். ஓர் அக்கா, ஒரு தங்கை. புகார் மையத்தில் வேலை பார்ப்பது தங்கை. அவளை வீட்டில் கூப்பிடுவது வாலு என்று. அக்காவுக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைத்திருந்தால் வானொலி என்று வைத்திருக்கலாம். இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம்தான் இருவருக்கும் நடுவில். இருந்தாலும் தினமும் மாலை ஆறு மணிக்கு அக்காவின் போன் வந்துவிடும். குழாய் ஒழுகுவது, லிஃப்ட் மூன்றாம் மாடியில் மட்டும் நிற்காமல் போவது, எதிர் வீட்டுப் பெண் முடியை வெட்டிக்கொண்டது, வெட்டிக்கொண்டது பொருந்தாதது, பொருந்தாததை அவளிடம் சொல்லலாமா கூடாதா என்பது.

(பத்தி நீளுகிறது. எனக்கு நிறுத்தத் தெரியாது. மன்னிக்கவும்.)

3.

ஒரு மாலை, எழுபது புகாருக்குப் பிறகு, அக்கா ஐம்பது நிமிடம் பேசினாள். போனை வைத்ததும் வாலு தன் கணவனுக்கு ஒரு மெசேஜ் தட்டினாள்: "அக்கா கூட பேசறதுக்கு ரூட்டர் கூட பேசலாம். அதுக்காவது ஆஃப் பட்டன் இருக்கு."

அது கணவனுக்குப் போகவில்லை. குடும்பக் குழுவுக்குப் போனது. அதில் நாற்பத்திரண்டு பேர். அக்காவும் ஒருத்தி.

பதறிப்போய் அழித்தாள். அனைவருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. விரல் அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டது. மெசேஜ் அவள் திரையிலிருந்து மட்டும் மறைந்தது. மற்ற நாற்பத்தோரு பேர் திரையில் கல்வெட்டு மாதிரி நின்றது. இதே தவறைச் செய்துவிட்டு அழாத குறையாகக் கேட்டவர்களுக்கு எத்தனையோ முறை வழி சொன்னவள் அவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி.

சித்தப்பா சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். அதைப் பார்த்துத்தான் வாலுவுக்கு விஷயமே புரிந்தது. அடுத்த நிமிடம் குழுவில் ஒரு வரி: "அக்கா வெளியேறினார்." வாலு பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் அக்காவுக்கு 'ஆர்' போட்டு மரியாதை கொடுத்தது அந்தச் செயலி ஒன்றுதான்.

ஆறு மணி போன் நின்றுபோனது. வாலு அழைத்தால் மணி அடித்து ஓய்ந்தது. முதல் வாரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதலாமா? (எழுதலாம். எனக்கு வலித்தாலும் அது உண்மையாகத்தான் இருக்கும்.) இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு மணி ஆனால் போனைக் கையில் எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, வைத்துவிடுவாள்.

நான்கு மாதம் கழித்து, மூன்று முறை திரையைத் தள்ளிப் படிக்க வேண்டிய நீளத்துக்கு ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின. மேலே 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது. போனது. மறுபடி வந்தது. கால் மணி நேரம் இப்படி. அக்காவுக்கே உரிய பெரிய புராணம் வரப்போகிறது, திட்டினாலும் பரவாயில்லை என்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

வந்தது நான்கு எழுத்து.

4.

"போகட்டும் விடுன்னு அர்த்தம்டி. மன்னிச்சுட்டாங்க" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"தப்பு. ஆளை விடுன்னு அர்த்தம்" என்றார் டீம் லீடர். அவர் எல்லாப் புகாரையும் சீக்கிரம் மூடுகிறவர்.

வாசல் செக்யூரிட்டி அண்ணன் போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, இது வீடுன்னு இருக்கக் கூடாதா? வீட்டுக்கு வான்னு சொல்ல வந்துட்டு பாதியில நிறுத்தியிருப்பாங்க."*

* ஓர் இலக்கணக் குறிப்பு. விரும்பாதவர்கள் தாண்டிவிடலாம். சுடு என்பது சூடு ஆகும், கெடு என்பது கேடு ஆகும், விடு என்பது வீடு ஆகும். பள்ளியில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று மனப்பாடம் செய்தோம். அக்காவும் செய்தாள், வாலுவுக்கு முதுகில் இரண்டு வைத்து அவளே சொல்லியும் கொடுத்தாள். தமிழில் அடித்திருந்தால் ஒரு சுழியில் தீர்ந்திருக்கும் விஷயம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் நம் எல்லோருக்கும் குறிலும் ஒன்றுதான், நெடிலும் ஒன்றுதான்.

"இவ்வளவு பேரைக் கேக்கறதுக்கு உன் அக்காவையே கேட்டா என்ன?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"கேட்டு, ஆளை விடுன்னுதான் சொன்னேன்னு சொல்லிட்டா? இப்ப மூணுல ரெண்டு நல்ல அர்த்தமா இருக்கு. அதையும் ஏன் கெடுத்துக்கணும்?"

5.

இந்த இடத்தில் எனக்கு வாலுவின் மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு தயங்குகிறவளா அவள்? அவளை ஒரு முறையாவது அக்கா வீடு வரைக்கும் போக வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். மாடிப்படியின் அடியில், தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில் நின்றாள். கையில் இருந்த போன் லேசாக அதிர்ந்தது: வைஃபை இணைக்கப்பட்டது. அக்கா வீட்டு ரூட்டர். அதை மாட்டிக் கொடுத்தவளே வாலுதான். "யாராவது உன் நெட்டைத் திருடினா இதுல பேரு தெரியும்க்கா" என்று அக்காவின் போனில் ஒரு செயலியையும் போட்டுக் கொடுத்திருந்தாள். பாஸ்வேர்ட் வைத்ததும் அவள்தான். அக்கா அதை இன்னும் மாற்றவில்லை.

பதினொரு நிமிடம் நின்றாள். பிறகு போய்விட்டாள். (பதினொன்று என்று எழுத்தாளருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.)

அவள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்?

முடிவு அ: படியேறுகிறாள், கதவு திறக்கிறது, இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சீரியலில் இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இடம் இல்லை.

முடிவு ஆ: படியேறுகிறாள். கதவு பூட்டியிருக்கிறது. அக்கா வீட்டை மாற்றிக்கொண்டு, ரூட்டரை மட்டும் மறந்து விட்டுவிட்டு

சே. இதை எழுதியவளை உதைக்க வேண்டும்.

முடிவு இ:

6.

முடிவு இ வரவில்லை. ஆகவே மிச்ச உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று என் வீட்டில் நெட் நன்றாகத்தான் இருந்தது. ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. புகார் எண்ணுக்கு அது என் ஏழாவது போன். ஒவ்வொரு முறையும் வேறு குரல் எடுத்தது. ஒரு முறையாவது வாலுவின் குரல் எடுக்கும், "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை?" என்று கேட்கும், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவளுடைய நம்பரையே அழைத்திருக்கலாம். கையில் எடுப்பேன், ஆஃப் பட்டன் ஞாபகம் வரும், வைத்துவிடுவேன். புகார் மையத்தில் அந்தப் பயம் இல்லை. அங்கே என்னோடு பேச வேண்டியது அவர்கள் கடமை.

பதினொரு நிமிடம் என்று சொன்னது செயலி. அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் பட்டியலில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. பக்கத்தில் 'வாலு போன்' என்று இருந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம், செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு நின்றேன். இறங்கி வரவில்லை. படியேறி வரட்டும் என்று பார்த்தேன். வீம்பு. புள்ளி அணைந்தது. அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை; எதிர் வீட்டுப் பெண் உடம்பு சரியில்லையா என்று வந்து கேட்டாள்.

அந்தக் கால் மணி நேரம் என்ன தட்டச்சு செய்தேன் என்று கேட்டால், எல்லாவற்றையும்தான். குழாய், லிஃப்ட், நீ, உன் நாக்கு, நாற்பத்தோரு பேர் முன்னால் என் மானம். எழுதி எழுதி, இவ்வளவு நீளமா என்று வெட்கப்பட்டு அழித்தேன். மிஞ்சியது அந்த ஒரு சொல். அடிக்கும்போது ஆளை விடு என்றுதான் அடித்தேன். அனுப்பும்போது போகட்டும் விடு என்று இருந்தது. அனுப்பிய பிறகுதான், வீடு என்று அடித்திருக்கலாமே என்று தோன்றியது. உங்கள் டீம் லீடர், பக்கத்து சீட்டுக்காரி, செக்யூரிட்டி அண்ணன், மூன்று பேரும் சொன்னது சரி.

ஒரு சொல்லை விளக்க எனக்கு இவ்வளவு நீளக் கதை தேவைப்பட்டிருக்கிறது. பார்த்தாயா, எனக்கு ஆஃப் பட்டன் இல்லை என்று நீ சொன்னதும் சரி.

7.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் கொடுத்துவிடுவார்கள். நானும் கொடுக்கிறேன். மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது ஒரே ஒரு வாசகிக்கு. இதை அவளுக்குத்தான் முதலில் அனுப்பப் போகிறேன். இந்த முறை தமிழ் எழுத்திலேயே.

மணி ஐந்தே முக்கால். பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறேன். கதவைத் தாழ்போடவில்லை.

வாலு, முடிவை உன்னிடமே விடுகிறேன். கடைசிச் சொல்லை இன்னொரு முறை பார். 'வி'க்கு மேலே ஒரு சுழி குறைகிறது. வந்து போட்டுவிடு.