பூச்சி சாகாத விளக்கு

அப்பாதுரையின் மாட்டு வண்டியில் நான் மோதியது மார்கழி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு. என் சைக்கிளில் விளக்கு இல்லை. அவர் வண்டியிலும் இல்லை. அவர் வண்டியில் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தார். மாடுகளுக்கு வழி தெரியும். நான் விழுந்த சத்தத்தில் இறங்கி, முதலில் மாடுகளைத் தடவிப் பார்த்தார்.

"யாரு, மருதேவியம்மா மவனா? கண்ணு தெரியலியா தம்பி?"

"இருட்டுல தெரியல."

"எனக்குந்தான் தெரியல. நான் சும்மா படுத்துகினு வரல?"

முட்டி கிழிந்திருந்தது. ராத்திரி வலிக்கும் என்றார். வலிக்கவில்லை. கொஞ்ச காலமாகவே எதுவும் அவ்வளவாக வலிப்பதில்லை.

சைக்கிள் என் மனைவி கனகலதாவுடையது. பெண்கள் ஓட்டுவது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போய்வர வாங்கியது. அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என் சைக்கிளை விற்றுவிட்டு இதை வைத்துக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சிரிப்பதோடு சரி. அவள் இருட்டுமுன் வீடு வந்துவிடுவாள். அதனால் அதற்கு விளக்கு வாங்கியதே இல்லை.

நாங்கள் ஜைனர்கள். ஊரில் எங்களை நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. எனக்குத் திருவண்ணாமலையில் தாலுகா ஆபீஸில் எழுத்தர் வேலை. ஊர் ஒன்பது கிலோமீட்டர். மார்கழியில் ஆபீஸ் விடும்போதே வெளிச்சம் போய்விடும். ஆகவே ஐந்து மணிக்கு ஓட்டலில் இரண்டு இட்லி. பிறகு இருட்டில் சைக்கிள்.

அன்றைக்கு அம்மா என் முட்டியைப் பார்த்தாள். திட்டவில்லை. அது நல்லதற்கில்லை.

"வெளக்கு போட்ட சைக்கிள்ல நீ வர்றத என் கண்ணால பாக்கற வரைக்கும் அன்னம் தொட மாட்டேன்."

"நாளைக்கு வாங்கிடறேம்மா. காலையில சாப்பிடு."

"விரதம்னு சொல்லியாச்சி. திருப்பி எடுத்துக்க அது கடைச் சாமானா?"

நான் கணிதம் படித்தவன். கணக்குப் போட்டேன். விளக்கோடு வருவதை அவள் பார்க்க வேண்டுமானால் இருட்ட வேண்டும். இருட்டினால் சாப்பாடு இல்லை. நான் எவ்வளவு சீக்கிரம் வாங்கினாலும் புதன்கிழமை முழுப் பட்டினி. அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"ஒரு நாள்தானே" என்றாள்.

புதன்கிழமை காலை ஆபீஸ் போகிற வழியில் முருகையன் சைக்கிள் கடைக்குப் போனேன். முருகையன் ஊருக்கே பஞ்சர் ஒட்டுகிறவர். எந்தச் சைக்கிளைப் பார்த்தாலும் அதன் சொந்தக்காரரைச் சொல்லிவிடுவார். என் சைக்கிளைப் பார்த்ததும் சீட்டை மட்டும் துணியால் துடைத்தார். பிறகு விளக்குகளை எடுத்து வைத்தார்.

"இது டைனமோ. ராஜா. ஆனா வெல ஜாஸ்தி. இது பாட்டரி லைட்டு, ரெண்டு செல்லு. வெல கம்மி, ஆனா மாசாமாசம் செல்லுக்கு அழுவணும்."

"டார்ச்சைக் கட்டிக்கிட்டா?"

"ட்யூப் துண்டுல கட்டலாம். பள்ளத்துல எறங்கும்போது டார்ச்சு எகிறி முன்னாடி போயிடும். அது வெளிச்சத்துல அதையே தேடலாம்."

"எல்லாத்தையும்விடக் கம்மியா?"

மண்ணெண்ணெய் விளக்கை எடுத்தார். சின்னத் தகரக் கூண்டு, முன்னால் கண்ணாடி, மேலே புகை போக ஓட்டைகள். மாதக் கடைசி. அதையே வாங்கினேன்.

அன்று மாலை தெருமுனையில் அம்மா நின்றாள். கூடவே பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். நான் இறங்கியதும் விளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

உள்ளே நான்கு விட்டில்கள். மூன்று கருகியிருந்தன. ஒன்றுக்குக் கால் அசைந்தது.

"ஓட்டை வழியா பூந்திருக்கும்மா."

"நாலு உயிரக் கொன்னுட்டு, அத வெச்சி நான் சோறு திங்கணுமா? இந்த வெளக்குல நீ வந்தது வராத மாதிரிதான்."

ஆதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். "மூணுதான் ஆயா செத்துது. ஒண்ணு கெடக்குது."

"அது சாவறதுக்குள்ள வெளியில எடு."

எடுத்தேன். அதுவும் செத்தது.

வியாழக்கிழமையும் அம்மா சாப்பிடவில்லை. வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீர் மட்டும். காலையில் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, சுவரைத் துடைக்கிறவள்போல் முந்தானையால் துடைத்தாள்.

கடை திறந்ததும் மண்ணெண்ணெய் விளக்கை முருகையனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"நேத்துதான சார் வாங்கினீங்க. எரியலியா?"

"எரியுது. பூச்சி சாவுது."

"வெளக்குன்னா பூச்சி வரும் சார். வந்தா சாவும். அதுக்கு நான் எங்க போறது?"

விஷயத்தைச் சொன்னேன். முருகையன் சிரிக்க ஆரம்பித்தவர், இரண்டு நாள் என்று கேட்டதும் நிறுத்தினார். ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"அப்போ டைனமோதான். சக்கரம் சுத்தினாதான் எரியும். ஓடற வெளக்குல பூச்சி எப்டி ஒக்காரும்? ஒக்காரலாம்னு நீங்க நின்னீங்கன்னா வெளக்கே அணைஞ்சிடும். உள்ள போவ ஓட்டையும் கெடையாது. இது உங்களுக்குன்னே செஞ்ச வெளக்கு நயினாரே."

"பணம் கம்மியா இருக்கு."

"பழசு ஒண்ணு கீது. தபால்காரரு போட்டுகினு இருந்தது. கொஞ்சம் கத்தும். எரியும்."

அதைப் பொருத்தினார். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். நண்டு அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். விளக்கு எரிந்தது.

அன்று மாலை தெருமுனையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. டைனமோ கத்த, நான் வந்து அவள் எதிரில் நின்றேன்.

"எரியலியே" என்றாள்.

"எரிஞ்சுதும்மா. நின்னதும் அணைஞ்சிடுச்சி."

"நின்னா அணையறது இன்னா வெளக்கு?"

"நிக்காம ஓட்டிக் காட்டுப்பா" என்றாள் ஆதிலட்சுமி.

திரும்பிப் போய் வேகமாக வந்து அம்மாவைக் கடந்து போனேன்.

"வெளக்கு வந்துச்சி. பளிச்சுனு கண்ணுல அடிச்சிச்சி. நீ வந்தியா?"

"நான்தான் வந்தேன்!"

"எனக்குத் தெரியலியே. நீ வர்றதப் பாக்கணும்னு சொல்லிட்டேனே."

மறுபடி ஓட்டினேன், மெதுவாக. முகம் தெரிகிற வேகத்துக்கு வந்தால் விளக்கு சிவந்து அணைந்தது. விளக்கு எரிகிற வேகத்தில் முகம் தெரியவில்லை. நான்கு முறை போய் வந்தேன். பெண்கள் சைக்கிள். ஒரு தெரு முழுக்கப் பார்வையாளர்கள். யாரோ கை தட்டினார்கள்.

"முருகையனக் கூட்டியாந்து சக்கரத்தச் சுத்தச் சொல்லு" என்றார் கூட்டத்திலிருந்து அப்பாதுரை.

"அப்ப முருகையன் வர்ற மாதிரி ஆயிடும்" என்றாள் அம்மா. அவளுக்கு விரதத்தில் விளையாட்டில்லை.

இரண்டு நாளாகச் சாப்பிடாதவளிடம் வாதம் செய்ய எனக்கு வரவில்லை. சைக்கிளை அவள் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

"ஏறும்மா."

"எதுக்கு?"

"கேரியர்ல ஒக்காரு. நான் வர்றது உனக்குத் தெரியும். வெளக்கும் தெரியும்."

ஆதிலட்சுமி ஒரு பக்கம், அப்பாதுரை ஒரு பக்கம் தூக்கி உட்கார வைத்தார்கள். கனமே இல்லை. இதுதான் முதல் தடவை என்றாள். மருமகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் ஏறியதில்லையாம். இரண்டு கையாலும் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தாள். ஓட்டினேன். டைனமோ கத்தியது. முன்னால் மண் சாலை மஞ்சளாக விரிந்தது. ஒரு நாய் எழுந்து வழி விட்டது. வேலி ஓரத்து ஆமணக்குச் செடிகூடத் தெரிந்தது.

"வருது" என்றாள் முதுகுக்குப் பின்னால். "வெளக்கும் வருது, நீயும் வர்ற. போதும், நிறுத்து." கொஞ்ச தூரம் போனதும், "அந்தக் கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பு" என்றாள்.

பொழுது போய்விட்டிருந்தது. சாப்பாடு காலையில்தான்.

வெள்ளிக்கிழமை நானே கஞ்சி வைத்தேன். கிழக்கே மேகம். சூரியன் வந்ததா இல்லையா என்று அம்மா வாசலில் நின்று சந்தேகப்பட்டாள். கடைசியில் சுவரில் வெயில் விழுந்தது. உட்கார்ந்தாள். கண்ணை மூடி மந்திரம் சொன்னாள். தம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

அப்போது அப்பாதுரை சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"முன்னாடி எல்லாம் ஜோரா இருக்கு தம்பி. பின்னாடி ஒண்ணுமில்லியே? லாரிக்காரன் வந்தா எதப் பாத்து ஒதுங்குவான்?"

தம்ளர் நின்றது.

அம்மாவின் உதடு எதையோ சொல்லத் திறந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. முட்டிகூட வலித்தது.

"செவப்புக் கண்ணாடி சாயந்திரம் வந்துடும்மா. நீ ஒண்ணும் சொல்லாத. குடி."

"நான் இன்னா சொல்ல வந்தேன்னு உனக்கு..."

"குடிம்மா!"

நான் கத்தி அவள் கேட்டு வெகுநாளாயிற்று. என்னைப் பார்த்தாள். குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு, "உப்பு போடல" என்றாள்.

முருகையன் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். நான் எட்டுக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.